பாதுகாக்கப்பட்ட பிழை

துர்காவின் மவுஸில் சக்கரம் தலைகீழாக வேலை செய்தது. மேலே உருட்டினால் பக்கம் கீழே போனது. கீழே உருட்டினால் மேலே போனது. உயிர் போகிற குறை இல்லை. அதோடு வாழ்ந்துவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதை இல்லை.

ஆனால் அவள் வேலை அப்படி. பட்டுப்புடவைக்குக் கரை டிசைன் போடுகிறவள். செவிலிமேட்டில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் வீடு. முன்னறையில் கம்ப்யூட்டர். திரை முழுக்கக் கட்டம். ஒரு கட்டம் ஒரு இழை. உருட்டிக் கிட்டே போக வேண்டும், உருட்டி எட்ட வர வேண்டும். கிட்டே போக நினைத்து எட்டப் போய்க்கொண்டிருந்தால் சோறு தின்னும்போதும் கண்ணில் கட்டம் நீந்தும்.

இதுவரை பட்டுக் கடைக்காரர்கள் கொடுத்த பழைய கரைகளைப் பார்த்து வரைந்தாள். அன்னம், மயில், ருத்ராட்சம். இந்தத் தடவை சொந்தமாக ஒன்று. பாலாற்றில் தண்ணீர் இல்லாத இடத்தில் நாணல் பூத்து நிற்குமே, அது. கரை நெடுக நாணல். சின்ன காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் கிருஷ்ணவேணி அதைத் திரையில் பார்த்தாள். அவள் யாரையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை.

"புல்லு மாதிரி இருக்குது," என்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லா இருக்குது. முடிச்சுக் குடு. நான் தறியில பாவு ஏத்திடறேன்."

கல்யாணப் புடவை. பெண் வீட்டாருக்கும் பிடித்துவிட்டது. டிசைனைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால், தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி அதைப் படித்துக்கொள்ளும். தறி ஓடும். நேரத்துக்கு வராவிட்டால் மயில் கரை போட்டுவிடலாம் என்று கடைக்காரர் சொல்லி வைத்திருந்தார். மயில் எப்போதும் தயாராக இருக்கும்.

கம்ப்யூட்டரில் இருந்தது கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். நல்ல மென்பொருள். அதை அவளுக்குப் போட்டுக் கொடுத்தது காஞ்சி கட்டற்ற கணினியர் பேரவை. கல்யாண மண்டபத்தில் முகாம் வைத்து, தேங்காய் உடைத்து, கேசரி கொடுத்துப் போட்டார்கள். என்ன சந்தேகம் வந்தாலும் வாருங்கள் என்றார்கள்.

துர்காவுக்குச் சந்தேகம் வந்தது. போனாள்.

பேரவை ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தையல் கடை மாடியில் கூடும். வாசலில் செயலாளர் வரதராஜன் நின்றிருந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா.

"தங்கள் வழங்கல்?"

துர்கா விழித்தாள்.

"உங்கள் மென்பொருள் எந்த வழங்கல், எந்தப் பதிப்பு, எந்தக் கரு? அது தெரியாமல் உங்களை எங்கே உட்கார வைப்பது?"

அவள் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்ததைக் காட்டினாள். வரதராஜன் அதை உரக்கப் படித்தார். கல்யாண வீட்டில் குலம் கோத்திரம் கேட்டவர்கள்போல உள்ளே சிலர் தலையசைத்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உள்ளே நடுவில் பாதை விட்டு இரண்டு பக்கமும் நாற்காலி. வலது பக்கம் மவுஸைத் தொடுகிறவர்கள். இடது பக்கம் தொடாதவர்கள். எல்லாவற்றையும் கட்டளையாகத் தட்டச்சு செய்தே வாழ்கிறவர்கள். இரண்டு கட்சிக்கும் பேச்சு இல்லை. பொதுக்குழுக் கூட்டத்தை யார் தொடங்கிவைப்பது என்பதில் ஒரு வழக்கும் நிலுவையில் இருந்தது. பெருமாள் கோயில் பக்கத்தில் இரண்டு கட்சி என்பது யாருக்கும் புதிதில்லை. டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டு தட்டில் டீ கொண்டுவந்தார்.

துர்கா எழுந்து தன் குறையைச் சொன்னாள். மவுஸ் என்ற சொல் வந்ததும் இடது பக்கத்தில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் பிரேம்நாத் கண்ணாடியைக் கழற்றினார்.

"தலைகீழ் என்கிறீர்களே அம்மா, எதற்குத் தலைகீழ்?"

"எதுக்குன்னா... மேல உருட்டுனா மேல போவணும் இல்ல சார்."

"மேல் என்று தீர்மானித்தது யார்? நீங்களா? ஏதோ ஒரு பெருநிறுவனம் உங்கள் விரலுக்குச் சொல்லிக் கொடுத்தது. உங்கள் விரல் அடிமைப்பட்டுக் கிடக்கிறது. சக்கரம் விடுதலை பெற்றுவிட்டது. விரலுக்குத்தான் இன்னும் தெரியவில்லை."

கைதட்டினார்கள். துர்கா தன் விரலைப் பார்த்துக்கொண்டாள்.

"எங்கியோ ஒரு டிக் அடிச்சா சரியாயிடும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு சார். அது எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

வலது பக்கத்தில் ஒருவர் வாயைத் திறந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் கைவைத்து அழுத்தினார்.

"சரியாகிவிடும்," என்றார் பிரேம்நாத், வருத்தமாக. "சரியாகிவிட்டால்? நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். பிழையும் போய்விடும். பேரவைக்கு என்ன மிஞ்சும்? இந்தப் பேரவை தொடங்கிய நாள்முதல் ஒரு பிழையைக்கூட நாம் அவசரப்பட்டுத் தீர்த்ததில்லை. தீர்ப்பது ரிப்பேர் கடைக்காரன் வேலை. நாம் ஆராய்கிறவர்கள்."

இந்தத் தடவை இரண்டு பக்கமும் சேர்ந்து கைதட்டியது. அப்படி நடப்பது அபூர்வம் என்று வரதராஜன் அவள் காதில் சொன்னார்.

மறுநாள் வரதராஜன் வீட்டுக்கு வந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக என்னென்னவோ அடித்தார். இனி சக்கரம் அசையும் ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கம் அசைந்தது, எவ்வளவு அசைந்தது, அப்போது கம்ப்யூட்டர் என்ன செய்துகொண்டிருந்தது என்று எல்லாம் ஒரு கோப்பில் பதிவாகும் என்றார்.

"ஒரு உருட்டலுக்கு ஒரு பக்கம் எழுதும்மா," என்றார் பெருமையாக.

"இது எப்ப சார் நிக்கும்?"

"உண்மை கிடைக்கும்போது."

துர்கா தலைகீழ்ச் சக்கரத்தோடு நாணலை வரைந்தாள். உருட்டி உருட்டி வரைந்தாள். கரை முடிந்தது. காலையில் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறேன் என்று கிருஷ்ணவேணிக்குப் போன் செய்தாள்.

காலையில் பாஸ்வேர்ட் போட்டாள். திரை கறுத்தது. மறுபடி பாஸ்வேர்ட் கேட்டது. போட்டாள். கறுத்தது. கேட்டது. தப்பு என்று சொல்லவில்லை. தப்பு என்று சொன்னாலாவது மனசு ஆறும். சரி, வா என்று கதவைத் திறந்து, உள்ளே காலை வைப்பதற்குள் வாசலில் கொண்டுவந்து விட்டது.

அவள் கணவன் வேல்முருகன் ஒரகடத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன், ஷூவைக்கூடக் கழற்றாமல் தானும் போட்டுப் பார்த்தான்.

"ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கலாம் இல்ல?"

"எடுத்துத்தான் வெச்சேன்."

"எங்க?"

"இதே கம்ப்யூட்டர்லதான்."

அவன் ஷூவைக் கழற்றினான். பிறகு தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரை அழைத்து வந்தான். அவர் பார்த்ததும் சிரித்தார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் மத்தியானத்துக்குள் ரெடி என்றார். உள்ளே இருக்கும் நாணல் என்ன ஆகும் என்று துர்கா கேட்டாள். அதுவும் அழியும் என்றார். அவரை அனுப்பிவிட்டார்கள்.

வேறு வழியில்லை. பிரேம்நாத்துக்குப் போன் செய்தாள். சொல்லச் சொல்ல அவர் குரல் குழைந்தது.

"எதையும் தொடாதீர்கள் அம்மா. நிறுத்தவும் வேண்டாம். இதோ வந்துவிட்டோம்."

வேனில் வந்தார்கள். பாஸ்வேர்ட் போடச் சொன்னார்கள். கறுத்து, திரும்பி வந்தது. இன்னொரு தடவை என்றார்கள். பின்னால் நின்றவர் தனக்கு மறைத்தது என்றார். அவருக்காக இன்னொரு தடவை. வரதராஜன் தன் கறுப்புத் திரைக்குள் நுழைந்தார். அதில் பாஸ்வேர்ட் எடுத்தது. வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடியது.

"சார், அந்த வழியில உள்ள போவ முடியுது இல்ல? என் டிசைனை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க சார். தறி சும்மா நிக்குது."

"விதி ஏழு," என்றார் வரதராஜன். "ஆய்வில் இருக்கும் கணினியிலிருந்து எதையும் நகர்த்தக்கூடாது."

"மாநாடு வருகிறது அம்மா," என்றார் பிரேம்நாத். "மாநிலம் முழுக்க இருந்து வருகிறார்கள். அதுவரை பொறுங்கள். முடிந்த கையோடு உங்கள் புல்லை எடுத்துத் தருகிறோம்."

"முகூர்த்தம் அதுக்கு முன்னாடி சார்."

"முகூர்த்தம் வருஷா வருஷம் வரும்."

துர்கா திரையைப் பார்த்தாள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

"சார், இதுல இடமில்லை, இடமில்லைன்னு ஏதோ வந்துக்கினே இருக்குதே."

பிரேம்நாத் குனிந்து படித்தார். சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"கணினி வட்டில் இடமில்லை. ஆமாம். அது விளைவு அம்மா. நாங்கள் காரணத்தைத் தேடுகிறோம்."

அன்று சாயங்காலம் கிருஷ்ணவேணி போன் செய்தாள்.

"இன்னாம்மா, இன்னும் பூக்கலயா உன் புல்லு?"

துர்கா நடந்ததைச் சொன்னாள்.

"உன்ன நம்பித்தான்மா பாவு ஏத்தினேன். தெனம் காலைல அதைப் பார்த்துக்கினு காபி குடிக்கிறேன். கடைக்காரர் மயிலை எடுத்துக்கினு வாசல்ல நிக்கிறாரு. அவரை எத்தினி நாளு நிக்க வெக்கிறது?"

அடுத்த ஞாயிறு துர்காவுக்குப் பாராட்டு விழா நடந்தது. அரிதிலும் அரிதான பிழையைக் கண்டவர் என்று பிரேம்நாத் பொன்னாடை போர்த்தினார். துர்கா தோளில் விழுந்த துணியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். பாலியஸ்டர். காஞ்சிபுரத்தில் அதைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்க வேண்டும்.

"உலகமெல்லாம் பிழைகளைக் கொன்று குவிக்கிறது," என்று பேசினார் பிரேம்நாத். "ஒரு பிழை உருவாக எவ்வளவு காலம், எத்தனை பேர் உழைப்பு? யாரோ ஒருவன் ஒரு பொத்தானை அழுத்தி அதை இல்லாமல் ஆக்குகிறான். பல்லவன் கட்டினதை இடித்துவிட்டு டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கும் அவனுக்கும் என்ன வேறுபாடு? துர்கா அம்மையாரின் பிழையைத் தீர்க்கச் சொல்லிச் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். யார் அந்தச் சிலர்?"

"நான்தான் சார்," என்றாள் துர்கா.

"இருக்கட்டும். உங்களைப் பேரவை மன்னிக்கிறது."

மறுநாள் பலகை வந்தது. நீலப் பலகை, வெள்ளை எழுத்து. பல்லவர் கோயில் இருக்கும் கூரத்தில் பிறந்தவள் துர்கா. தொல்லியல் துறைப் பலகையின் அந்த நிறம் அவளுக்குத் தெரியும். பலகை வந்த இடத்தில் ஒரு செங்கல் விழுந்தால், விழுந்த செங்கல்லுக்கும் அன்றுமுதல் பாதுகாப்பு. இதில் இப்படி எழுதியிருந்தது:

'இது பாதுகாக்கப்பட்ட பிழை. இக்கணினியைத் தொடுவதோ, திறப்பதோ, சீர்செய்வதோ, இதில் எதையும் சேர்ப்பதோ நீக்குவதோ பேரவையின் அனுமதியின்றித் தடைசெய்யப்பட்டுள்ளது. பொதுக்குழுத் தீர்மானமின்றி இப்பலகையை அகற்றலாகாது. பிரேம்நாத், தலைவர்.'

அதை மானிட்டருக்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். ஆணி வேல்முருகனுடையது.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேலூர், திருவண்ணாமலை, செங்கல்பட்டு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள். துர்கா பாஸ்வேர்ட் போட வேண்டும். திரை கறுக்கும்போது சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் செல்ஃபி எடுத்தார். வேல்முருகன் கைலியைக் கட்டிக்கொண்டு சமையலறையில் ஒளிந்து சாப்பிட்டான்.

"உண்டியல் ஒண்ணுதான் பாக்கி," என்றான்.

துர்கா சிரிக்கவில்லை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ராத்திரிகளில் அவள் நாணலைத் தாளில் வரைந்து பார்த்தாள். பூ வந்தது. கட்டம் வரவில்லை. எந்த இழையில் சரிகை திரும்புகிறது என்று கை சொல்லவில்லை.

மாநாட்டுக் குழு வந்த அன்று தெருவில் வேன் திரும்ப இடமில்லை. அதே நாளில் கிருஷ்ணவேணியும் வந்தாள். வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நின்றாள். முன்னால் நின்றவரிடம் உள்ளே என்ன விசேஷம் என்று கேட்டாள். பிழை என்றார் அவர். நல்லாப் பார்த்துக்கோங்க, என் தறி நிக்கிறதையும் வந்து பாருங்க, ஒரே டிக்கெட்டு என்றாள்.

அவள் முறை வந்தது. துர்காவைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல மயிலு ஏறுது," என்றாள். "சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். போன்ல சொல்ல மனசு வரல."

துர்கா எழுந்தாள். பதில் சொல்வதற்குள் பிரேம்நாத் கையை உயர்த்தினார். குழுவுக்குள் விவாதம் தொடங்கிவிட்டது. பிழையை மாநாட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? கம்ப்யூட்டரைத் தூக்க முடியாது, பலகை தடுக்கிறது. வரதராஜன் தொடங்கிவைத்த பதிவுக் கோப்பைக் கொண்டுபோகலாம். அது வட்டில் இடம் தீரும்வரை மலைபோல் வளர்ந்திருந்தது. மவுஸ் அசைந்ததை மட்டுமல்ல, மவுஸ் அசையவில்லை என்பதையும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

"நகல் எடுத்துக்கொள்வோம்," என்றது தட்டச்சுக் கட்சி.

"நகலா?" என்றது மவுஸ் கட்சி. "நகலுக்கா மேளம்?"

இரண்டு பக்கமும் குரல் ஏறியது. பிரேம்நாத் தீர்ப்புச் சொன்னார்.

"உற்சவர் புறப்பட்டால் சாமியேதான் புறப்படுகிறது. போட்டோ புறப்படுவதில்லை. கோப்பு முழுசாக வர வேண்டும். இங்கே ஒரு எழுத்துகூடத் தங்கக்கூடாது. தங்கினால் எது அசல் என்று நாளைக்கு வழக்கு வரும்."

"எதையும் நகர்த்தக் கூடாதுன்னு விதி ஏழு இருக்குதே சார்," என்றாள் துர்கா.

"அது உங்களுக்கு," என்றார் வரதராஜன்.

பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகினார். கட்டளை அடித்தார். கோப்பு நகரத் தொடங்கியது. எல்லோரும் நின்றுகொண்டே பார்த்தார்கள். டீ வந்தது, இரண்டு தட்டில். கடைசி எழுத்தும் வெளியேறியது. அசல் போன பிறகு எழுதுகிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று வரதராஜன் பதிவு எழுதுவதையும் நிறுத்தினார். ஹார்ட் டிஸ்க்கைத் துர்காவின் பொன்னாடையில் வைத்துச் சுற்றினார்கள். ஒருவர் குடை பிடித்தார். வேனில் ஏறினார்கள். தெரு காலியானது.

கிருஷ்ணவேணி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போய்ட்டானுங்களா? எங்க, எனக்கு ஒரு தபா காட்டு. வரிசைல நின்னதுக்காவது பார்க்கிறேன்."

துர்கா பாஸ்வேர்ட் போட்டாள். திரை கறுத்தது.

திறந்துகொண்டது.

இடத்தை அடைத்திருந்த கோப்பு வேனில் போயிருந்தது. நாணல் அதே இடத்தில் இருந்தது. துர்கா பென் டிரைவைச் செருகினாள். டிசைன் ஏறியதும் பிடுங்கிக் கிருஷ்ணவேணியிடம் கொடுத்தாள். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மயிலை என்ன பண்ணுவே?" என்று கேட்டாள் துர்கா.

"பறக்கட்டும்," என்றாள் கிருஷ்ணவேணி. ஆட்டோ தேடக்கூட நிற்கவில்லை. நடந்தே போனாள்.

அன்று மத்தியானம் துர்கா செட்டிங்ஸைத் திறந்து மவுஸ் என்று இருந்த இடத்தில் பார்த்தாள். ஒரு சின்னக் கட்டம், அதில் டிக். எடுத்துவிட்டாள். சக்கரம் நேரானது. மேலே உருட்டினால் மேலே போனது. அவளால் ஒரு கோடு போட முடியவில்லை. கை தலைகீழாகப் பழகிவிட்டிருந்தது. டிக்கைத் திரும்பப் போட்டாள்.

மாநாடு முடிந்து பிரேம்நாத்தும் வரதராஜனும் வந்தார்கள். முகம் சரியில்லை. மாநாட்டில் பதிவுக் கோப்பை எல்லோரும் வணங்கியிருக்கிறார்கள். பிறகு ஒருவர், பிழை எங்கே என்று கேட்டுவிட்டார்.

"மறுபடியும் வரவழைக்க வேண்டும் அம்மா," என்றார் பிரேம்நாத். "பதிவை மட்டும் திரும்ப ஓடவிடுகிறோம். கொஞ்ச நாளில் தானே வந்துவிடும்." வரதராஜன் நாற்காலியை இழுத்தார்.

துர்கா சுவரைக் காட்டினாள்.

பிரேம்நாத் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கடைசி வரிவரை படித்தார்.

"இது நான் எழுதியது."

"ஆமா சார். தொடக்கூடாதுன்னு இருக்குது. எதையும் சேர்க்கக்கூடாதுன்னும் இருக்குது."

"பேரவையின் அனுமதியின்றி என்றுதானே இருக்கிறது? நாம்தான் பேரவை. கொடுத்துவிடலாமே?" என்றார் பிரேம்நாத்.

"அனுமதி கொடுக்கப் பொதுக்குழு கூட வேண்டும்," என்றார் வரதராஜன். "பொதுக்குழுவை யார் தொடங்கிவைப்பது என்பது கோர்ட்டில் இருக்கிறது."

"தீர்ப்பு எப்போது?"

வரதராஜன் கையை விரித்தார். பிரேம்நாத் பலகையை இன்னொரு தடவை படித்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"விதி என்றால் விதி," என்றார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு திரும்பினார். "சக்கரம் மட்டும் இன்னும் தலைகீழாகத்தானே இருக்கிறது?"

"ஆமா சார்."

அவர் முகம் மலர்ந்தது. வேன் கிளம்பிப் போகும் வரை துர்கா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து பலகையில் இருந்த தூசியைத் துடைத்தாள். உட்கார்ந்தாள். இன்னொரு வீட்டுக் கல்யாணத்துக்கும் அதே நாணல் கேட்டிருந்தார்கள். இந்தத் தடவை முந்தானையிலும் வேண்டுமாம்.

சக்கரத்தைக் கீழே உருட்டினாள். நாணல் கிட்டே வந்தது.